சிற்றிலும் குடிலும்

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் வடசென்னையின் தெருக்களுக்குத் தனியொரு களை வந்துவிடுகிறது. இராயபுரத்துச் சந்துகளிலும், காசிமேட்டுக் குடியிருப்புகளிலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளிலும், எண்ணூர்க் குப்பங்களிலும் மூங்கில் பிளாச்சுகளில் காற்றாடித் தாள் ஒட்டிய விண்மீன்கள் ஒளிர்கின்றன. பரண்மேல் ஓராண்டு உறங்கிய அட்டைப் பெட்டிகள் கீழே இறங்குகின்றன. செய்தித்தாளில் சுற்றி வைத்த சுரூபங்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன. வீட்டின் மூலையில் பாறைத்தாள் மலையாக எழுகிறது. பெரியவர்கள் குனிந்து, நிமிர்ந்து, சரிபார்த்துக் குடிலை அமைக்கிறார்கள்.

அப்போது மூன்று வயதுக் குழந்தையொன்று தவழ்ந்தோ தளர்நடையிட்டோ அருகில் வருகிறது. ஆட்டுக்குட்டியை எடுக்கக் கை நீட்டுகிறது. உடனே நம் வாயிலிருந்து வரும் சொல் என்ன? "தொடாதே!"

இந்த ஒரு சொல்லைப் பற்றியே நாம் இங்கே சிந்திக்க விரும்புகிறோம். தொடுவதற்காகவே பிறந்தது குடில். அது தொடக் கூடாத பொருளாக எப்போது மாறியது? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

கிரேச்சோ குகையில்

1223-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டில் கிரேச்சோ என்னும் மலைச் சிற்றூர். கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், யோவான் என்னும் நண்பர் ஒருவரை அழைத்து ஒரு வேண்டுகோள் விடுக்கிறார். தீவனத் தொட்டி ஒன்று வேண்டும்; வைக்கோல் வேண்டும்; ஒரு மாடும் ஒரு கழுதையும் வேண்டும். பெத்லகேமில் பிறந்த பாலன் பட்ட குளிரையும் வறுமையையும் தம் ஊனக் கண்களால் காண வேண்டும் என்பதே அவரது ஏக்கம்.

அன்றிரவு ஊர்மக்கள் தீவட்டிகளுடன் மலையேறி வந்தார்கள். காடு ஒளியால் நிறைந்தது. தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேறியது. திருத்தொண்டராக நின்ற பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடினார். அவரது வாழ்வை முதன்முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா அந்த இரவைச் சொல்லுகின்ற முறை நம் கவனத்திற்குரியது. பெத்லகேம் என்னும் பெயரைச் சொல்லும்போது பிரான்சிசின் குரல் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒலித்ததாம். இயேசுவின் பெயரைச் சொன்னபின், அச்சொல்லின் இனிமையைச் சுவைப்பவர்போல் உதடுகளை நாவால் வருடிக்கொண்டாராம். கண்ணுக்குத் தீவட்டி, செவிக்குப் பாட்டு, மூக்குக்கு வைக்கோல் வாசம், கைக்குத் தொட்டியின் சொரசொரப்பு, நாவுக்குத் திருப்பெயர். ஐம்புலன்களும் ஒன்றுகூடி ஆராதித்த இரவு அது.

அங்கே சுரூபங்கள் இருந்ததாகச் செலானோ தோமா குறிப்பிடவில்லை. மாடும் கழுதையும்கூட நற்செய்தி நூல்களில் இடம்பெறவில்லை; எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்திலிருந்து மரபு அவற்றைக் கொணர்ந்து தொட்டியருகே நிறுத்தியது. எழுத்தறியாத உழவர்களும் அவர்தம் பிள்ளைகளும் நிறைந்த அந்த மலையூரில் புலன்களே ஏடுகளாயின என்பதுதான் கிரேச்சோ நமக்குத் தரும் செய்தி. அந்த நிகழ்வின் நினைவாகவே 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அதே ஊருக்குச் சென்று, குடிலின் பொருள் குறித்த திருத்தூது மடலில் கையொப்பமிட்டார்.

கோவிலிலிருந்து வீட்டுக்கு

பின்வந்த நூற்றாண்டுகளில் குடில் ஆலயங்களில் வேரூன்றியது. இயேசு சபைத் துறவியர் அதனை மறைக்கல்விக்கான கருவியாகக் கொண்டு நாடெங்கும் பரப்பினர். 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்சு நகரத்துக் கலைஞர்கள் குடிலுக்குள் தங்கள் ஊர்ச் சந்தையையே கொண்டுவந்து வைத்தார்கள். மீன் விற்பவர், காய்கறிக்காரர், ரொட்டி சுடுபவர், தெருவில் பாடிப் பிழைப்பவர் என்று அந்நகரின் உழைக்கும் மக்கள் அனைவரும் பாலன் இயேசுவைச் சூழ்ந்து நின்றனர். துறைமுக நகரமான நேப்பிள்சு தன் மீன்காரரைக் குடிலில் நிறுத்தியது என்னும் செய்தி, துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ?

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு, பகுத்தறிவுக்கு ஒவ்வாதன எனத் தாம் கருதிய பக்தி முயற்சிகள் பலவற்றுக்குத் தடை விதித்தபோது, ஆலயக் குடில்களும் அதற்குத் தப்பவில்லை. ஆயின் நடந்தது என்ன? ஆலயத்தில் இடமில்லாமற் போன குடிலை மக்கள் தங்கள் இல்லங்களில் குடியேற்றினர். தகப்பன்மார் மரத்தைச் செதுக்க, பிள்ளைகள் பாசியும் பஞ்சும் திரட்டி வந்தனர். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்திற்கு ஏழையின் வீட்டில் இடம் கிடைத்ததுபோல் ஆயிற்று. இல்லக் குடில் என்னும் வழக்கம் வலுப்பெற்றதற்கு இத்தடையும் ஒரு காரணமாக அமைந்தது.

குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அழைத்தது. பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்பவர்கள் பெற்றோரே என்றும் கூறியது. சங்கம் சொல்லும் முன்பே எளிய மக்கள் அதனைச் செய்துகொண்டிருந்தனர் என்பதற்கு இல்லக் குடில் ஒரு சான்று.

நம் மண்ணின் சிற்றில்

குடில் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ணுவோர் உண்டு. உருவம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் அதனை ஏந்திக்கொள்ளும் தொட்டில் நம்மிடம் முன்பே இருந்தது. அதன் பெயர் சிற்றில்.

சிறுமியர் மணலில் கட்டி விளையாடும் சிறுவீடே சிற்றில். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களில் அதுவும் ஒன்று. குழந்தை கைகொட்டி மகிழும் சப்பாணிப் பருவம், நிலவைக் கண்டு அழைக்கும் அம்புலிப் பருவம், பறை முழக்கும் சிறுபறைப் பருவம், தேர் உருட்டும் சிறுதேர்ப் பருவம் என்று அப்பருவங்களை வரிசையாக நோக்கினால், குழந்தையின் கையும் கண்ணும் காதும் காலும் எந்த ஒழுங்கில் விழித்தெழுகின்றன என்பதை நம் புலவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பது விளங்கும். கிறிஸ்தவப் புலவர்களும் இயேசு பாலன்மீது பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர்.

நெய்தல் நிலத்துச் சிறுமியர் ஈரமணலில் செய்த பாவையை வண்டற்பாவை என்றனர். ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் ஓர் அழகிய காட்சி உண்டு. தன் பாவையைக் கடல் கவர்ந்துகொண்டதால் சினந்த சிறுமி, மணலை அள்ளி அள்ளி எறிந்து கடலையே தூர்க்க முயல்கிறாள். கடற்கரைப் பிள்ளைகளின் கோபமும் விளையாட்டும் ஈராயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்றே தோன்றுகிறது.

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சிறுவர்களோடு மணலில் புதைந்து விளையாடினார் என்றும், அவ்விளையாட்டினூடே மறைந்தார் என்றும் வழங்கும் செவிவழிக் கதையை அப்பகுதியினர் அனைவரும் அறிவர். அவரது சமாதிக் கோவில் கடலோரத்தில் இன்றும் உள்ளது. துறவியொருவரின் இறுதிக் கதையில்கூட இக்கரை மக்கள் பிள்ளைகளையும் மணலையும் சேர்த்தே நினைவில் வைத்துள்ளனர்.

1726-இல் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றியபோது சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப்பெயரால் அழைத்தார். திருக்குடும்பத்தின் வரலாற்றைத் தமிழ் மண்ணின் மணத்தோடு பாடினார். அவர் காட்டிய வழியில் சென்றால், சிற்றிலுக்கும் குடிலுக்கும் இடையே பெரிய தொலைவு இல்லை.

மணலில் எழுதிய விரல்

மணல் விளையாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. கல்விக்கும் அதுவே முதல் ஏடாயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி, சுட்டுவிரலால் எழுதியே எழுத்தறிந்தனர். எழுத்தின் வளைவை முதலில் விரல் கற்றது. பின்னரே கண் கற்றது.

சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தின் மேற்பார்வையாளராக 1789-இல் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். ஒரு நாள் உலாவச் சென்றபோது நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு இணைத்தார். தாயகம் திரும்பி 1797-இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. சென்னையின் மணல் கடல் கடந்து சென்ற கதை இது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே உண்மையை வேறொரு வழியில் கண்டறிந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-இல் இத்தாலியில் பிறந்து, மருத்துவம் பயின்று, குழந்தைக் கல்விக்குத் தம்மை அளித்த கத்தோலிக்கப் பெண்மணி. உரோமை நகரில் சான் லோரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில் அவர் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்த நாள் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6. மூன்று ஞானியர் பாலனைக் கண்டு வணங்கிய திருக்காட்சிப் பெருவிழா நாள்! அந்த நாளின் பொருத்தத்தை அம்மையாரே உணர்ந்து அன்று பேசியிருக்கிறார்.

சான் லோரென்சோவின் நிலை வடசென்னை வாசகர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் படிக்கட்டுகளிலும் சந்துகளிலும் கவனிப்பாரின்றித் திரிந்தனர், சுவர்களைப் பாழாக்கினர். சுவரைக் காக்க எண்ணிய கட்டட உரிமையாளர்களே பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்க அம்மையாரை அழைத்தனர். அவரோ பிள்ளைகளைக் கண்டார். சொரசொரப்பும் வழவழப்பும் கொண்ட பலகைகள், குலுக்கினால் வெவ்வேறு ஓசை தரும் பேழைகள், மணம் நிறைந்த குப்பிகள், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள் ஆகியவற்றை அவர்கள் கையில் கொடுத்தார். உப்புத்தாளில் எழுத்தை வருடிய உரோமைக் குழந்தையின் விரலும், திண்ணை மணலில் எழுதிய தமிழ்க் குழந்தையின் விரலும் ஒரே உண்மைக்குச் சான்று பகர்கின்றன. கை வழியே அறிவு நுழைகிறது.

அம்மையார் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நினைக்கத் தக்கது. ஒரு நாள் நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தாயிடமிருந்து வாங்கிக்கொண்டு வகுப்பினுள் நுழைந்தார். இக்குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது பாருங்கள் என்று பிள்ளைகளிடம் காட்டினார். பிள்ளைகள் தாங்களும் அசையாது, மூச்சின் ஒலியும் கேளாது அமர்ந்தனர். அச்சுறுத்தாமல், அதட்டாமல், ஒரு கைக்குழந்தையின் முன்னிலையில் பிறந்த மௌனம் அது. குடிலின்முன் நாம் வேண்டுவதும் அதுவன்றோ?

பின்னர்ப் பார்சலோனா நகரில் அவர் வழிகாட்டுதலில் குழந்தைகளுக்கென்றே சிற்றாலயம் அமைந்தது. அங்கே பிள்ளைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சைக்கொடி வளர்த்தார்கள். நற்கருணைக்குரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தம் கைகளாலேயே அறிந்தார்கள். அவர் வழியைத் தொடர்ந்து 1954-இல் சோபியா கவலெத்தி, ஜானா கோப்பி என்னும் இரு பெண்மணிகள் உரோமையில் தொடங்கிய 'நல்லாயன் மறைக்கல்வி' முறை இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது.

இவ்வம்மையார் நம் நகருக்கு வந்து வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகன் மாரியோவுடன் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையார் அடையாற்று எல்லைக்குள் இருத்தப்பட்டார். அவரது எழுபதாம் பிறந்த நாளன்று மகனை விடுவித்ததே அரசு அளித்த பரிசாயிற்று. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கினார். போர் முடியும்வரை நம் மண்ணே அவருக்கு அடைக்கலமாக இருந்தது. 1949-இல் அவரது புகழ்பெற்ற நூலொன்று அடையாற்றிலிருந்தே வெளியாயிற்று. 1952-இல் ஹாலந்து நாட்டில் இறைவனடி சேர்ந்து, நோர்ட்வைக் ஊரின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கொள்கிறார்.

தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அவரது கல்விமுறை, நம் நகரில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லவர்களின் பிள்ளைகளுக்குரியதாகிவிட்டது. சான் லோரென்சோவில் பிறந்தது இராயபுரத்தை எளிதில் எட்டவில்லை. அதனை நம் இல்லங்களுக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. குடிலே போதும்.

கரையும் மணலும்

இராயபுரத்திற்கு அப்பெயர் இராயப்பரால் வந்தது என்பது வழக்கு. துறைமுகம் தோன்றுமுன், அலைகடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகுகளைச் செலுத்திய மக்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் 1829 முதல் அங்கே நிற்கிறது. படகோட்டிய கைகளின் காணிக்கை அது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. பின்னர்ப் பண்டகசாலைகளும், பட்டறைகளும், ஆலைகளும் வடக்கு நோக்கி வளர்ந்தன.

1876-இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. அதன் அலைதடுப்புச் சுவர்கள் கடலினுள் நீண்டதன் விளைவு விந்தையானது. நம் கரையில் கடல் மணலை ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்திச் செல்வது இயற்கை. சுவர் அதனை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவு நின்றது, அலையரிப்பு தொடர்ந்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை தேய்ந்து, கருங்கற் பாறைகளைக் கொட்டிக் காக்க வேண்டிய நிலை வந்தது. ஐங்குறுநூற்றுச் சிறுமியின் பாவையைக் கடல் கவர்ந்தது. நம் காலத்துச் சிறுமியின் மணலையே நாம் கவர்ந்துகொண்டோம்.

எண்ணூரில் கதை இன்னும் துயரமானது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் கழிமுகம் இறாலும் நண்டும் கொழித்த இடம். 1970 முதல் அனல் மின்நிலையங்கள் அங்கே எழுந்தன. அவற்றுள் பழைய எண்ணூர் நிலையம் 2017-இல் மூடப்பட்டுவிட்டது; ஆயினும் ஆற்றில் படிந்த நிலக்கரிச் சாம்பல் போய்விடவில்லை. அதே 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை, மக்கள் வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து கழிமுகத்திலும் வீட்டுச் சுவர்களிலும் படிந்தது. அம்மாதம் 26-ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்ததால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வீதிக்கு ஓடிவந்தனர்.

டிசம்பர் 26! பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 2004-இல், ஆழிப்பேரலை வந்ததும் அதே நாளில்தான். கிறிஸ்து பிறப்பின் மறுநாள். குடில் இன்னும் கலையாத நாள். குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய யோசேப்பின் கதை இக்கரை மக்களுக்கு வெறும் வாசகமன்று.

குழந்தைகள் தொட்டு விளையாட மண் வேண்டும், முகர்ந்து மகிழக் காற்று வேண்டும், அளைந்து களிக்க நீர் வேண்டும் என்று சொல்லும் நாம், அம்மண்ணும் காற்றும் நீரும் தூய்மையாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது பாதி நற்செய்தியாகும்.

நம் பிழை

பிறர் பிழையைச் சொன்ன நாம் நம் பிழையையும் சொல்லுதல் முறை. ஒரு பங்கில் குடில் போட்டிக்கு நடுவர்களாக அன்பியம் அன்பியமாகச் சென்றிருந்தோம். ஒரு வீட்டில் சுழலும் காற்றாலை, பொங்கும் நீரூற்று, நிறம் மாறும் விளக்குகள் எல்லாம் பொருந்திய பெரிய குடில் இருந்தது. வீட்டுப் பிள்ளைகள் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். மற்றொரு வீட்டில் செருப்புப் பெட்டியொன்றில் குடில் இருந்தது. முளைவிட்ட கேழ்வரகு ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. களிமண்ணில் பிடித்த ஆடு நாயைப்போல் இருந்தது. கிளிஞ்சல் ஒன்றில் பாலன் படுத்திருந்தார். ஐந்து வயதுச் சிறுமி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு விளக்கினாள். "பாப்பாவுக்குக் குளிரும்னு கொஞ்சம் வைக்கோல் மேல போட்டிருக்கேன், தாத்தா" என்றாள்.

பரிசு எதற்குச் சென்றிருக்கும் என்று வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். விளக்குக்கே மதிப்பெண் இட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. பிரான்சிஸ் காண விரும்பிய குளிரைக் கண்டவள் அந்தச் சிறுமி ஒருத்தியே என்பது மிகத் தாமதமாக நமக்கு உறைத்தது.

இல்லத்தில் செய்யத் தக்கவை

திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களும் தொடரும் விழா நாள்களும் இல்லத்திலேயே ஒரு முழுப் பாடத்திட்டமாக அமையக்கூடும். பெற்றோர் பின்பற்றத் தக்க சிலவற்றைக் கூறுகிறோம்.

முதல் வாரம் வைக்கோலுக்கு உரியது. வெறும் தீவனத் தொட்டியை மட்டும் வையுங்கள். குழந்தை செய்யும் ஒவ்வொரு நற்செயலுக்கும் ஓர் இழை வைக்கோலைத் தானே எடுத்து இடட்டும். வைக்கோலின் வாசத்தையும் உறுத்தலையும் அது உணரட்டும். பாலனுக்கு மெத்தை நம் அன்புச் செயல் என்பதை விளக்கவுரையின்றியே கை கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் வாரம் மண்ணுக்கு உரியது. களிமண் கிடைக்காவிடில் பிசைந்த கோதுமை மாவு போதும். ஆட்டையும் மாட்டையும் குழந்தையே பிடிக்கட்டும்; நாம் திருத்த வேண்டாம். நம் ஊர்க் கட்டுமரம், மீன்கூடை, பாரந்தூக்கி, தொடர்வண்டி ஆகியவற்றையும் அது செய்தால் தடுக்காதீர்கள். நேப்பிள்சு நகரத்தார் செய்ததை நாம் செய்வதில் குற்றமில்லை. மணல் வேண்டுமாயின் தூயதாகத் தேர்ந்து, கழுவி வெயிலில் உலர்த்திப் பயன்படுத்துங்கள். சாம்பலும் எண்ணெயும் படிந்த இடத்து மண்ணைக் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டாம். அதற்குப் பதில் ரவையைப் பரப்பலாம். பரப்பியதில் 'இயேசு' என்று சுட்டுவிரலால் எழுதச் சொல்லுங்கள். பழைய திண்ணைப் பள்ளி மீண்டும் உயிர்பெறும்.

மூன்றாம் வாரம் முளைக்கு உரியது. கேழ்வரகையோ கோதுமையையோ ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை கண்டதும் தட்டில் பரப்பிய மண்ணின்மேல் தூவுங்கள். நாள்தோறும் நீர் தெளிப்பது குழந்தையின் பணி. நம் ஊர்களில் முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வெளிர்மஞ்சளாக வளர்ப்பார்கள். இதையோ வெளிச்சத்தில் வைத்தால் பசும்புல்லாகும். ஒரு தட்டை இருளிலும் ஒரு தட்டை ஒளியிலும் வைத்துக் காட்டுங்கள். இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள் என்னும் இறைவாக்கைப் பின்னாளில் கேட்கும்போது, அக்குழந்தைக்கு அத்தட்டுகள் நினைவுக்கு வரும்.

நான்காம் வாரம் சுவைக்கு உரியது. கலகலா மாவைச் சிறு உருண்டையாக்கிச் சுத்தமான புதுச் சீப்பின்மேல் வைத்து அழுத்திச் சுருட்டுவதற்குக் குழந்தையின் விரலே ஏற்றது. அச்சு முறுக்கின் எண்ணெய்ச் சட்டியோ பெரியவர்களுக்கு மட்டும் உரியது. செய்த பண்டத்தின் முதல் தட்டு அண்டை வீட்டாருக்குச் செல்லட்டும்; அதையும் குழந்தையே ஏந்திச் செல்லட்டும்.

பெருவிழா இரவில் விளக்குகளை அணைத்து, ஒரேயொரு மெழுகுதிரியின் ஒளியில் பாலனின் சுரூபத்தைக் குழந்தையின் கையில் கொடுங்கள். அது தொட்டியில் கிடத்தும்வரை எவரும் பேச வேண்டாம். திருக்காட்சி விழாவன்று ஞானியரின் காணிக்கைகளை அறிமுகப்படுத்தலாம். கண்ணை மூடிச் சாம்பிராணிக் கட்டியை முகர்ந்து பார்க்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப்போளம் கிடைத்தால் அதன் கசப்பு மணத்தையும் உணரட்டும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தானியத்தையும் மணியையும் வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்வர். அவர்களுக்குப் பெரிய பொருள்களையே கொடுங்கள். குளத்திற்கு வைக்கும் கண்ணாடியின் விளிம்பு மழுங்கியிருக்கட்டும். மின்விளக்குச் சரம் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர்த் தட்டருகே குழந்தையைத் தனியே விடாதீர்கள். மெழுகுதிரியும் தணலும் பெரியவர் கையிலேயே இருக்கட்டும்.

நிறைவாக

பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், தெருவில் ஓடிவரும் தலைவனாகிய குழந்தையைப் பார்த்துச் சிறுமியர் வேண்டுவதாகப் பாடுவர்: நாங்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய சிறுவீட்டை உன் காலால் சிதைத்துவிடாதே என்பது அவர்தம் வேண்டுதல். அவ்வேண்டுதல் இன்று திசைமாறி ஒலிக்கிறது. பெரியவர்களாகிய நம்மைப் பார்த்துப் பிள்ளைகள் வேண்டுகிறார்கள். எங்கள் மணலை அரித்துவிடாதீர்கள்; எங்கள் காற்றை மாசுபடுத்தாதீர்கள்; எங்கள் கையைத் தட்டிவிடாதீர்கள் என்கிறார்கள்.

முதல் இரண்டையும் மாற்ற நாம் கூடிக் குரல் எழுப்ப வேண்டும். அதற்குக் காலமும் ஆகலாம். மூன்றாவதை இந்த ஆண்டே, நம் வீட்டு மூலையிலேயே மாற்றலாம். வாக்கு மனிதரானார் என்பது நம் நம்பிக்கை. கண்ணால் கண்டோம், கையால் தொட்டோம் என்றே திருத்தூதர் யோவானும் சான்று பகர்ந்தார். ஆகவே இம்முறை அந்தச் சிறு கை ஆட்டுக்குட்டியை நோக்கி நீளும்போது விலகி நின்று வழிவிடுவோம். சுரூபம் ஒன்று உடைந்தால் உடையட்டும், ஒட்டவைத்துக்கொள்ளலாம்.